1926-ஆம் வருஷத்துக் கவுனில் ஒரு ஜிப்

யார்மிலா ப்ரோகாப்பை முதல்முறை சந்திப்பவர் எவராக இருந்தாலும் ஒரு திருத்தம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அவளுடைய பெயர் ஆங்கில எழுத்தில் 'ஜே'யில் தொடங்குகிறது. தெரியாதவர்கள் ஜார்மிலா என்று வாயைத் திறந்துவிடுவார்கள். "ஜா இல்ல, யா. செக் பாஷைல அது யா. இந்த பெர்வின்ல பாதித் தெரு எங்க ஆளுங்க கட்டினது. இதுகூடவா தெரியாது?" என்பாள். சிகாகோவை ஒட்டிய அந்தச் சிற்றூரில் செக்காரர்கள் கட்டிய செங்கல் வீடுகளில் இப்போது பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள் குடியிருக்கிறார்கள். தபால்காரர், பல் டாக்டர், அடுத்த வீட்டுக்காரர் என்று எல்லாருமே இந்தப் பாடத்தை ஒரு தடவையாவது கேட்டவர்கள். அறுபத்தொரு வயதில் அவளுக்கு நண்பர்கள் அதிகம் இல்லை என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிழை பிடிப்பதுதான் அவளுக்குத் தொழிலும். பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்த பிறகு, நியூயார்க் பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே ப்ரூஃப் பார்த்துக் கொடுத்தாள். அதுவும் ஒரே ஒரு வகைப் புத்தகம். பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடக்கிற நாவல்கள். முடியைக் காதோடு கத்தரித்துக்கொண்டு, முழங்கால் தெரிய கவுன் போட்டு, சிகரெட்டும் ஆட்டமுமாகத் திரிந்த அந்தக் காலத்துப் பெண்களை ஃபிளாப்பர் என்பார்கள். இந்த நாவல்களைப் படித்தால் அன்றைய அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வேகவைக்க ஒரு பெண்கூட வீட்டில் இருந்திருக்க மாட்டாள் என்று தோன்றும். எல்லாரும் திருட்டுச் சாராயக் கடையில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அவளுடைய சாப்பாட்டு மேஜையில் இரண்டு பென்சில்கள் இருக்கும். தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால் சிவப்பு, சந்தேகம் என்றால் நீலம். பதினான்கு வருஷத்தில் முப்பத்தொரு புத்தகம் பார்த்தவள், நீலப் பென்சிலை இரண்டு தடவைக்கு மேல் சீவியதில்லை.

எழுத்தாளர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. ஒரு சினிமாவும் நாலு மாறுவேட விருந்துப் படங்களும் பார்த்துவிட்டு, ஒரு நூற்றாண்டைக் கரைத்துக் குடித்த மாதிரி எழுத உட்கார்ந்துவிடுகிற கூட்டம் என்பாள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. கதாநாயகியின் தம்பியைக் குண்டடியிலிருந்து காப்பாற்ற 1926-லேயே டாக்டர் பெனிசிலின் ஊசி போடுவார். ஓரத்தில் யார்மிலா எழுதுவாள்: "இந்த மருந்து இன்னும் பிறக்கவே இல்லை. பையன் தானாகப் பிழைக்கட்டும், இல்லையென்றால் சாகட்டும்." கதாநாயகி காரில் ஏறி செர்மாக் சாலை வழியாகப் பறப்பாள். "அது அப்போது இருபத்திரண்டாம் தெரு. மேயர் செத்த பிறகுதான் அவர் பெயரை வைத்தார்கள். இவள் எந்த மேயரைச் சாகடித்துவிட்டுப் போகிறாள்?"

ஆனால் அவளை உண்மையிலேயே கொதிக்க வைத்தது ஜிப்தான். நாவலுக்கு நாவல் அந்தக் காட்சி வரும். விருந்துக்குக் கிளம்புகிற கதாநாயகி கண்ணாடி முன்னால் நிற்பாள். தோழி பின்னால் வந்து கவுனின் ஜிப்பை இழுத்துவிடுவாள். முதுகில் அந்தச் சில்லிப்பு ஏற ஏற, தன் வாழ்க்கையே மாறப்போகிறது என்று கதாநாயகிக்குத் தோன்றும். இருபதுகளில் கவுனுக்கு ஏது ஜிப்? தொளதொளவென்று தைத்ததைத் தலைவழியாக மாட்டிக்கொள்வார்கள், மிஞ்சிப்போனால் இடுப்போரத்தில் இரண்டு கொக்கி. கவுனில் ஜிப் வர இன்னும் பத்து வருஷம் போக வேண்டும். யார்மிலா இதை முப்பத்தொரு புத்தகத்திலும் எழுதிவிட்டாள். பதிப்பகத்தில் அவளுக்கு ஜிப்புக் கிழவி என்று பெயர் வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஜிப்புக்கு அடுத்தபடி அவளுக்கு ஆகாத ஒன்று, எழுத்தாளர்களின் 'இருந்திருக்கும்'. ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டால், "அப்போ அப்படித்தான் இருந்திருக்கும்" என்று பதில் வரும். "இருந்ததா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. இருந்திருக்கும்னு சொல்றவ பார்க்கவே இல்லன்னு அர்த்தம்" என்பாள்.

இந்த எழுத்தாளர் கூட்டத்திலேயே அவள் அடியோடு வெறுத்தது பெய்ட்டன் லார்க்கை. வெர்மாண்ட் மலையில் உட்கார்ந்துகொண்டு, பெர்வினுக்குப் பக்கத்து ஊரான சிசரோவைப் பற்றி மூன்று பாகக் கதை எழுதியவள் பெய்ட்டன். ஒரு தடவையாவது சிசரோவில் கால் வைத்திருப்பாளா என்றால் அதுவும் இல்லை. கதாநாயகி தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்கிற பதினேழு வயதுச் செக் பெண், பெயர் ரூபி நோவாக். "1909-ல் எந்தச் செக் தாய் பெண்ணுக்கு ரூபி என்று பெயர் வைத்தாள்?" என்று முதல் பாகத்தின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் கேட்டாள் யார்மிலா. பெய்ட்டனிடமிருந்து வந்த பதில் ஒரே ஒரு சொல்: ஸ்டெட்.

ப்ரூஃப் பார்க்கிறவர்களைக் கொல்ல இந்த ஒரு சொல் போதும். அடித்ததை அடித்ததாக நினைக்காதே, முன்னே இருந்தபடியே இருக்கட்டும் என்று அதற்குப் பொருள். அடிக்கப்பட்ட சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் இதை எழுதிவிட்டால் தீர்ந்தது. பெய்ட்டன் முதல் பாகத்தில் நூற்று ஆறு இடத்தில் இருக்கட்டும் என்றாள். இரண்டாம் பாகத்தில் நூற்று நாற்பது. அந்தப் புத்தகங்கள் சக்கைப்போடு போட்டன என்பது யார்மிலாவின் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறியது.

இவ்வளவு தெனாவட்டாகப் பேச அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்றால், முன்னறைச் சுவரில் தொங்கிய ஒரு கண்ணாடிச் சட்டத்திலிருந்து. சட்டத்துக்குள் ஒரு கவுன். கறுப்புப் பட்டு, கழுத்தில் வெள்ளி மணி, மார்பிலிருந்து முழங்கால்வரை அடுக்கடுக்காகக் குஞ்சம். அது அவளுடைய தாயின் அக்கா ரூஜெனாவுடையது. ரூஜெனா 1926-ல் பதினேழு வயதில் அதே சிசரோ தொழிற்சாலையில் கம்பிச்சுருள் சுற்றியவள். "இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஆடினேன்" என்று சொல்லி, தானே பலகை வாங்கிச் சட்டம் போட்டு, நாலு பக்கமும் திருகாணியை முடுக்கி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். செத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அந்தக் கவுனை யாரும் தொட்டதில்லை. தொட்டால் பொடியாகிவிடும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

இருபதுகளில் குஞ்சம் வைத்த கவுன் அபூர்வம், அது பின்னால் வந்த சினிமாக்காரர்களின் வேலை என்று உடை அருங்காட்சியகக்காரர்கள் எழுதித்தான் வருகிறார்கள். யார்மிலா அதைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். "ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறவங்களுக்கு என்ன தெரியும். என் வீட்டுச் செவுத்துல தொங்குது."

மூன்றாம் பாகத்தின் ப்ரூஃப் மார்ச் மாதம் வந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தில் யார்மிலாவின் பென்சில் நின்றது. ரூபி நோவாக் முதல்முறை ஆட்டத்துக்குப் போகிறாள். தானே தைத்த, பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய பருத்திக் கவுன். குஞ்சம் இல்லை, மணி இல்லை, ஜிப்பும் இல்லை. தலைவழியாக மாட்டிக்கொள்கிறாள். பெய்ட்டன் லார்க் எங்கேயோ எதையோ ஒரு நாள் உட்கார்ந்து படித்திருக்கிறாள் போல.

இதைப் பார்த்து இன்னொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். யார்மிலா சிவப்புப் பென்சிலை எடுத்தாள். "தப்பு. சிசரோ தொழிற்சாலைப் பெண்கள் ஆட்டத்துக்குக் குஞ்சம் வைத்த கறுப்புப் பட்டுதான் உடுத்தினார்கள். 1926-ல் என் பெரியம்மா உடுத்திய கவுன் என் வீட்டில் இருக்கிறது. ஆதாரம் வேண்டுமென்றால் நேரில் வந்து பார்க்கலாம்." இப்படி எழுதி, அந்தப் பக்கத்தின் மூலையில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டாள்.

இந்தத் தடவை இருக்கட்டும் வரவில்லை. பெய்ட்டன் கூத்தாடினாள். குஞ்சம் எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஏறியது, அங்கிருந்து நூற்றுப் பன்னிரண்டில் ஏறியது, கடைசியில் அட்டைப்படத்திலும் ஏறியது. பதிப்பகத்தின் ஆசிரியை ஷெல்பி தொலைபேசியில் கூப்பிட்டாள். இருபத்தெட்டு வயது, எதைச் சொன்னாலும் அருமை என்கிற ரகம்.

"ஜார்மிலா, அந்தக் கவுன் விஷயம் இருக்கே, அருமை. நாங்க எல்லாரும் அழுதுட்டோம்."

"யார்மிலா."

"ஸாரி, யார்மிலா. புத்தகத்துக்குப் பின்னாடி வரலாற்றுக் குறிப்புன்னு ஒரு பகுதி வரும்ல, அதுல அந்தக் கவுனோட போட்டோவ முழுப் பக்கத்துக்குப் போடப்போறோம். உங்க பேரும் வரும். கண்ணாடி இல்லாம, நல்ல வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா?"

முப்பத்தொரு புத்தகத்திலும் அவள் பெயர் எங்கேயும் வந்ததில்லை. எழுத்தாளர்கள் தங்கள் நாய்க்கு நன்றி சொல்வார்கள், காபிக் கடைக்கு நன்றி சொல்வார்கள், ப்ரூஃப் பார்த்தவளைச் சொல்ல மாட்டார்கள். யார்மிலா தொலைபேசியை வைத்துவிட்டு, ரூஜெனாவின் கண்ணாடிச் சட்டத்தைத் துணியால் இரண்டு தடவை துடைத்தாள்.

படம் எடுக்க ஓஸ்வால்டோவை வரச்சொன்னாள். அடுத்த தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிற மெக்சிகோக்காரன், பதினைந்து வயதுப் பெண்களின் பிறந்தநாள் விழாக்களுக்குப் படம் எடுத்தே தலை நரைத்தவன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விளக்குகளோடு வந்தான். சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சாப்பாட்டு மேஜையில் குப்புறப் போட்டு, திருகாணிகளைக் கழற்றினான். யார்மிலா எதிரே நின்று அதட்டிக்கொண்டே இருந்தாள்.

"மெதுவா. எண்பத்தெட்டு வருஷத்துத் துணி அது. பொடிஞ்சு போயிடும்."

"சென்யோரா, நான் மணப்பொண்ணுங்களோட கவுனையே தூக்கினவன். பயப்படாதீங்க."

பின்பலகையை எடுத்துவிட்டு, கவுனை இரண்டு கையாலும் தூக்கி வெள்ளைத் துணிமேல் போட்டான். பொடியவில்லை. நல்ல கெட்டியாகவே கிடந்தது. ஓஸ்வால்டோ அதைச் சரிசெய்யக் குனிந்தவன், இடது கைக்குழிக்குக் கீழே விரலை வைத்தான்.

"சென்யோரா, இதுல ஜிப் இருக்கு."

"இருக்காது."

"இருக்கு. இங்க பாருங்க, ஓடுதுகூட." கைக்குழியிலிருந்து இடுப்புவரை அதை இழுத்துக் காட்டினான். ஜிர்ரென்று சுத்தமாகச் சத்தம் வந்தது. பிறகு ஏதோ கேட்கவேண்டுமே என்று சாதாரணமாகக் கேட்டான். "அந்தக் காலத்துலயே ஜிப் இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொல்லக்கூடியவள் அவள். வருஷம், விலைப்பட்டியல், தையற்கடை விளம்பரம் எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். இரவிக்கைக் கொக்கியில் ஆரம்பித்து ரப்பர் பூட்ஸ்வரை போவாள்.

"இருந்திருக்கும்" என்றாள் யார்மிலா.

அந்தச் சொல்லைத் தன் காதாலேயே கேட்டாள். ஓஸ்வால்டோ தலையாட்டிவிட்டு விளக்கைப் பொருத்தப் போனான். அவனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

அவள் ஜிப்பை மேலே ஏற்றிவிட்டு, அந்தப் பக்கத்தை உள்பக்கமாக மடித்து, மேலே குஞ்சத்தைப் பரப்பினாள். "முன்பக்கம் மட்டும் எடு. கிட்டத்துல வேண்டாம்." பதினான்கு வருஷமாக அடுத்தவர்களின் புளுகைக் கிழித்தவள், சொந்தப் புளுகை மடித்து வைக்க அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. படம் அன்று மதியமே நியூயார்க்குக்குப் போயிற்று.

ஓஸ்வால்டோ போன பிறகுதான் கவுனை உட்புறம் திருப்பினாள். அடித்துணியில் துருப்பிடித்த ஊக்கால் ஒரு அட்டை குத்தியிருந்தது. எண் 27. அதன் கீழே செக் மக்களின் உடற்பயிற்சி மன்றத்துக் கூடத்தின் பெயர். 'இருபதுகளின் இரவு, மாறுவேடப் போட்டி, பிப்ரவரி 1958.' ஓரத்தில் ரூஜெனாவின் கோழிக்கிறுக்கல் எழுத்தில்: இரண்டாம் பரிசு.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். புளுகுணி, வாழ்நாள் முழுக்க எங்களை ஏமாற்றினாயே என்று செத்தவளைத் திட்டினாள். அப்புறம் மேஜையில் உட்கார்ந்து, ரூஜெனா சொன்னதை ஒரு ப்ரூஃப் பார்ப்பதுபோல் சொல் சொல்லாக யோசித்துப் பார்த்தாள். அது அவளுக்குப் பழக்கமான வேலை. ரூஜெனா அதைச் சொன்னபோது யார்மிலாவுக்குப் பத்து வயது. இந்த முன்னறையில்தான், இதே சட்டத்துக்கு முன்னால்தான் நின்றார்கள்.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஆடினேன்" என்றாள் பெரியம்மா.

"எப்போ பெரியம்மா? இருபதுகள்லயா?"

"ஆமாடி, இருபதுகள்ல."

இருபதுகள் என்பது ரூஜெனாவுக்கு ஒரு இரவின் பெயர். பத்து வயதுப் பெண்ணுக்கு அது ஒரு காலம். வருஷத்தைக் கேட்டது யார்மிலா, வருஷத்தை வைத்தது யார்மிலா, அதை உறவினர் வீடுகளுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிச் சொன்னதும் யார்மிலா. ரூஜெனா செய்த குற்றம், மறுத்துச் சொல்லாமல் விட்டது மட்டும்தான். பதினேழு வயதில் அவள் எங்கேயும் ஆடியிருக்க வாய்ப்பில்லை. வேலை விட்டு வந்தால் நாலு தம்பி தங்கைகளைக் குளிப்பாட்ட வேண்டும் என்று அம்மா சொல்லி யார்மிலாவே கேட்டிருக்கிறாள். நாற்பத்தொன்பது வயதில் நிலவறையில் உட்கார்ந்து, யார் யாரோ சினிமாவில் போட்டதைப் பார்த்துக் குஞ்சம் குஞ்சமாகத் தைத்து, ஒரு ராத்திரி ஆடி, இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து அவள் வாங்கிய ஒரே பரிசு அது. அதற்குச் சட்டம் போட்டு மாட்டியதில் என்ன தப்பு?

தப்பெல்லாம் எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. பெய்ட்டன் லார்க், அந்த அரைவேக்காடு, மூன்று பாகத்திலும் ஒரே ஒரு இடத்தில் ஒழுங்காக எழுதியிருந்தாள். அந்த ஒன்றையும் தேடிப்பிடித்துக் கெடுத்தது ஜிப்புக் கிழவி.

எட்டு நாள் கழித்து கடைசிப் ப்ரூஃப் வந்தது. பின்பக்கக் குறிப்பில் முழுப் பக்கத்துக்குக் கவுன். அடியில், '1926-இல் சிசரோ தொழிற்சாலைப் பெண் ஒருத்தி உடுத்திய அசல் உடை. இந்த நாவலின் வரலாற்று உண்மைக்குப் பொறுப்பேற்றுச் சரிபார்த்தவர்: யார்மிலா ப்ரோகாப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூலையில் அவள் முதலெழுத்துகளுக்காகக் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போடாவிட்டால், பதினான்கு வருஷம் ஊரை வெளுத்து வாங்கியவளின் வாயை ஊர் வெளுக்கும். அந்தக் கவுன் இல்லாமல் அவள் வார்த்தைக்கு இனி யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

மறுநாள் சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்தப் படத்தின் குறுக்கே மூலைக்கு மூலை கோடு போட்டாள். "இந்த உடை 1958-இல் மாறுவேடப் போட்டிக்காகத் தைக்கப்பட்டது. படத்தை எடுத்துவிடவும். எண்பத்தெட்டாம் பக்கத்திலும் நூற்றுப் பன்னிரண்டிலும் குஞ்சத்தை நீக்கி, ஆசிரியர் முதலில் எழுதியதையே போடவும். தவறு என்னுடையது" என்று எழுதி அனுப்பினாள்.

வியாழக்கிழமை ஷெல்பி கூப்பிட்டாள்.

"யார்மிலா, உங்க நேர்மை இருக்கே, அருமை. ஆனா அட்டை அச்சாகிடுச்சு. அட்டைல ரூபி குஞ்சத்தோட நிக்கிறா. இப்ப உள்ள பருத்தித் துணின்னு எழுதினா எப்படி?"

"அட்டைய மாத்துங்க."

"அதெல்லாம் முடியாது. பெய்ட்டன்கிட்டயும் பேசிட்டேன். அவங்களுக்குக் குஞ்சம் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அந்தக் காலத்தோட உணர்வு அதுல இருக்குன்னு சொல்றாங்க."

"உணர்வா? அது அம்பத்தெட்டாம் வருஷத்து உணர்வும்மா. எங்க பெரியம்மா சினிமா பார்த்துத் தைச்சது."

"பாருங்க, இது பிள்ளைங்க படிக்கிற புத்தகம். அவங்க இதையெல்லாம் பார்க்கப் போறதே இல்ல."

"பன்னெண்டு வயசுல கண்ணு தெரியாதுன்னு உனக்கு எந்த டாக்டர் சொன்னார்?"

ஷெல்பி சிரித்தாள். அவளைப் பொறுத்தவரை கிழவி தமாஷ் பண்ணுகிறாள். "அப்படியே இருக்கட்டும், யார்மிலா" என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாளில் அந்தப் பக்கத்தின் நகல் திரும்பி வந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள், ஓரத்தில் அந்த ஒற்றைச் சொல். முதலெழுத்துக் கட்டத்தில் ஷெல்பியே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

புத்தகம் அக்டோபரில் வந்து சக்கைப்போடு போட்டது. ஏதோ ஒரு பத்திரிகை அதன் வரலாற்றுத் துல்லியத்தைப் பாராட்டி அரைப்பக்கம் எழுதியது. யார்மிலா அந்தப் பத்திரிகையில் உருளைக்கிழங்குத் தோலைச் சுருட்டிப் போட்டாள். சுவரில் சட்டம் இருந்த இடம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. கவுன் மடித்து அலமாரியில் இருந்தது. பதிப்பகத்திலிருந்து அடுத்த ப்ரூஃப் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜனவரியில், வாசல் படியில் பனி முழங்கால் உயரம் கிடந்த ஒரு காலையில், பதிப்பகத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு கடிதம் வந்தது. உறையில் அவள் பெயர். மினசோட்டாவில் துலூத் நகரத்திலிருந்து மாரிட் லிண்ட்க்விஸ்ட், வயது பதின்மூன்று. கசகசா அடைத்த கொலாச்சி ரொட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டே நின்றவாக்கில் பிரித்தாள்.

'அன்புள்ள திருமதி ப்ரோகாப் அவர்களுக்கு,

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கும் கவுனின் படத்தை என் தாத்தாவின் தபால்தலைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இடது கைக்குழியில், குஞ்சத்துக்கு நடுவே, ஜிப்பின் நுனி தெரிகிறது. அதை மறைக்க யாரோ துணியை மடித்திருப்பதும் தெரிகிறது. ஜிப் 1935-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே அது 1926 கவுன் இல்லை. குஞ்சமும் தப்பு என்று எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் சொன்னார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் என்பதால் எதைக் கொடுத்தாலும் நம்புவோம் என்று நினைக்கிறீர்களா? கதை எழுதுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்குத்தானே சரிபார்க்க ஒருவரை வைத்திருக்கிறார்கள். இதைச் சரிபார்த்தது யார்?'

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பதின்மூன்று வயதுப் பெண்ணின் கடிதத்தில் தன் குரலே தன்னைக் கேட்டது. அந்த ஏளனம், அந்த முகத்திலடிக்கிற நேர்மை, அந்தக் கடைசிக் கேள்வி. அவளே எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

உடனே மேஜையில் உட்கார்ந்தாள். 'அன்புள்ள மாரிட், ஜிப் 1935-இல் கண்டுபிடிக்கப்படவில்லை. 1923-லேயே பனிக்கால ரப்பர் பூட்ஸில் அது வந்துவிட்டது. கவுனுக்கு வந்ததுதான் முப்பதுகளில். பிறரைத் திருத்தப் புறப்படும்முன்...' என்று ஆறு வரி ஓட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். படித்துப் பார்த்தாள். அந்தக் காகிதத்தில் இருந்தது முழுக்க முழுக்க அந்தப் பெண்ணின் தப்பு. கிழித்துப் போட்டாள்.

இரண்டாவது காகிதத்தில் எழுதினாள்: 'அச்சுக்குப் போகும் முன்பே நான் எடுத்துச் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை.' அது உண்மைதான். ஷெல்பியின் புள்ளிகள் வைத்த நகல்கூட அலமாரியில் இருக்கிறது, இணைத்து அனுப்பலாம். ஆனால் யாரோ துணியை மடித்திருப்பது தெரிகிறது என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாளே, அந்த யாரோவுக்கு எந்த நகலை இணைப்பது? ஓஸ்வால்டோ கேட்டபோது இருந்திருக்கும் என்று சொன்னது ஷெல்பி இல்லை. அந்தக் காகிதத்தையும் கிழித்தாள்.

மூன்றாவது காகிதம் சின்னதாகத்தான் இருந்தது.

'அன்புள்ள மாரிட்,

அது ஜிப்தான். கவுன் 1958-ல் தைத்தது. குஞ்சமும் தப்பு. கதை எழுதியவர் அந்த இடத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். அதை மாற்றியதும் நான், துணியை மடித்ததும் நான்.

யார் என்று கேட்டிருந்தாய். சரிபார்த்தது நான்தான்.

யார்மிலா ப்ரோகாப்.'